அறந்தாங்கிக்கு ஒரு பிரதி

கதிரேசன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். சிங்கப்பூரில் டோபி காட் பக்கமிருக்கும் அலுவலகக் கட்டடங்கள் சிலவற்றின் லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. தேக்கா சந்தைக்கு நடந்தே போய்வரும் தூரத்தில், ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தான். அந்த அறையில் கட்டிலை விட்டால் பெரிய பொருள் கம்ப்யூட்டர்தான். ஏதோ ஓர் அலுவலகம் காலி செய்தபோது கழித்துக்கட்டிய பெட்டி அது. திரையை மட்டும் அகலமாக, புதிதாக வாங்கியிருந்தான்.

"கையில போன் இருக்கே, இது எதுக்குண்ணே?" என்று கூட வேலை செய்கிற சின்னராசு ஒருமுறை கேட்டான். மகள் முகத்தைப் பெரிசாகப் பார்க்க என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "படம் பாக்கத்தான்" என்று சொல்லி வைத்தான்.

மகள் இனியா அறந்தாங்கியில் அம்மா சுதாவோடு இருந்தாள். இருவரையும் சிங்கப்பூருக்கு அழைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கதிரேசனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இருந்த ஆசை. அதற்குச் சம்பளம் இன்ன அளவுக்கு இருக்க வேண்டும் என்று அரசாங்கம் வைத்த ஒரு வரம்பு உண்டு. அவன் சம்பளம் கொஞ்சம் ஏறியபோது வரம்பும் ஏறியது. பிறகு அவன் அதைப் பற்றிச் சுதாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவளும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். வருசத்துக்கு ஒரு தடவை லீவில் போய் வந்தான். மற்றபடி மகள் வளர்ந்ததெல்லாம் திரையில்தான்.

பேசுவதை ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தது கிராஞ்சியில், தொழிலாளர் விடுதியில் இருந்த காலத்தில். அப்போது ஒரு பழைய மடிக்கணினி வைத்திருந்தான். மேல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலை கூரையில் இடிக்காமல் குனிந்தபடி பேசுவான். ஒருநாள் இனியா தான் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை எடுத்து, திரையில் தெரிந்த அவன் வாய்க்கு நேராக வைத்து அழுத்தினாள். பிஸ்கட் உடைந்து உதிர்ந்தது. "அப்பா சாப்புட்டாச்சு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். கதிரேசனுக்கு அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்க வழியில்லை. போனது போனதுதான். அடுத்த அழைப்பிலிருந்து எதையும் விடாமல் பதிய ஆரம்பித்தான்.

பிறகு கொரோனா வந்தது. விடுதியின் வாசலைப் பூட்டினார்கள். வேலையில்லை, வெளியே போக முடியாது, ஊருக்கு விமானம் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவனை ஒரு மத்தியானம் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் கதிரேசன் காலை, மாலை இரண்டு வேளையும் அறந்தாங்கியோடு பேசினான். இனியாவுக்குப் பல் விழுந்தது, அவள் "ழ" சொல்லப் பழகியது, ஸ்கூலே இல்லாமல் ஸ்கூலில் சேர்ந்தது எல்லாம் அப்போது நடந்தவை. கதிரேசன் அவற்றை நேரில் பார்க்கவில்லை. திரையில் பார்த்தான், பதிந்து வைத்தான்.

லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து, கிராஞ்சியை விட்டு இந்த அறைக்கு வந்தபோது, எல்லாவற்றையும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாற்றிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டரில் இடம் நிறைந்தால் பதிவுகளை டிஸ்கில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து முடித்து, பழைய பதிவு ஒன்றைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவான். எதிரே மூன்று வயது இனியா பேசிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்கைச் செருகியபோது திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளே மெதுவாக ஒரு சத்தம். டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டிக். பிடுங்கிச் செருகினான். வேறு ஓட்டையில் செருகினான். அதே சத்தம். லிஃப்டில் இப்படியொரு சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு ஓட்டாதே என்பதுதான் அவன் படித்த பாடம். டிஸ்கைப் பிடுங்கி ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு சிம் லிம் கட்டடத்துக்கு நடந்தான்.

அங்கே மாடியில் அப்துல் கையூம் என்பவர் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சின் கடைசியில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். கதிரேசனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அந்த அகலத் திரையை அவரிடம்தான் வாங்கியிருந்தான். கையூம் டிஸ்கைக் காதருகே வைத்து ஒருமுறை மட்டும் மின்சாரம் கொடுத்துக் கேட்டார். உடனே எடுத்துவிட்டார்.

"இதுல என்ன இருக்கு?"

"என் பொண்ணு பாய்."

கையூம் நிமிர்ந்து பார்த்தார். கதிரேசன் விவரத்தைச் சொன்னான்.

"வேற எங்க வச்சிருக்கீங்க?"

"இதுல மட்டும்தான்."

"கம்ப்யூட்டர்ல?"

"இடம் பத்தலேன்னு அழிச்சிட்டேன். இது பேக்கப்புதானேன்னு..."

"இது பேக்கப் இல்ல தம்பி. ஒண்ணே ஒண்ணு இருந்தா அதுக்குப் பேரு பேக்கப் இல்ல." அதைக் கடிந்து சொல்லவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "உள்ள படிக்கிற முள்ளு தட்டைத் தொட்டிருக்கும்னு நினைக்கிறேன். நான் தொறக்க மாட்டேன். இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அனுப்பிப் பாப்போம். வாக்குக் குடுக்க முடியாது லா."

பதில் வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை கதிரேசன் சுதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போலப் பேசினான். இனியா நாலாம் வகுப்பு. அழைத்தால் வந்து நிற்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், மார்க் சொல்வாள், "டியூசன் இருக்குப்பா" என்று போய்விடுவாள். முன்பெல்லாம் பேச்சை முடிக்கவே விடாதவள். அதில் தப்பில்லை, பிள்ளை வளர்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் திரையை விட்டு நகர்ந்ததும் அவனுக்குச் சின்ன இனியாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். அவள் அந்த டிஸ்கில் இருந்தாள்.

பாதிதான் மீண்டது. இனியா ஸ்கூல் திறந்து நேரில் போக ஆரம்பித்ததற்குப் பிந்தியவை வந்துவிட்டன. அதற்கு முந்தியவை எழுதப்பட்டிருந்த இடம் உராய்ந்து போயிருந்தது. கிராஞ்சி முழுக்கப் போய்விட்டது. கையூம் அதைச் சொல்லிவிட்டு, கடைப்பையனை அனுப்பாமல் தானே போய் இரண்டு கிளாஸ் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் குடித்தார்கள்.

"மிச்சம் இருக்கிறதையாவது ஒழுங்கா வைக்கணும் பாய்" என்றான் கதிரேசன் கடைசியில். "என்ன வாங்கலாம், சொல்லுங்க."

கையூம் அவனுடைய அறையைப் பற்றியும் நெட்டைப் பற்றியும் கேட்டார். முதலில் அவர் நினைத்தது வீட்டு நெட்டிலேயே தனியாக நிற்கும் சேமிப்புப் பெட்டி. அதை வைத்தால் ஊரிலிருந்து சுதாவும் திறந்து பார்க்கலாம் என்றார். அது கதிரேசனுக்கு மிகவும் பிடித்துப் போனது. தான் வேலையில் இருக்கும்போது அவள் அங்கே உட்கார்ந்து பழையதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். ஆனால் நெட் பெட்டி வீட்டுக்கார அம்மாவுடையது. அவர் வெளியே கிளம்பும்போதும் படுக்கப் போகும்போதும் மறக்காமல் அதை அணைத்துவிடுவார்.

"அப்ப வேணாம் லா. கிளவுட்ல போடலாமே?"

"அது என் சிங்கப்பூர் நம்பர்ல இருக்கு பாய். நாளைக்குப் பர்மிட்ட கேன்சல் பண்ணி அனுப்பிட்டாங்கன்னா நம்பரும் போயிரும். நம்பர் போனா ஓடிபி வராது. ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆச்சு. அவன் கல்யாணப் போட்டோ எல்லாம் எங்கயோ இருக்கு, அவனால உள்ள போக முடியல."

கையூமுக்கு அது புதிதாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரே ஊரில் இருப்பவருக்கு நம்பர் போய்விடும் என்று தோன்றாது. "மாத்திக்கலாம், அதுக்கு வழி இருக்கு" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கையில தொடுற மாதிரியே செய்வோம்" என்றார்.

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன எஸ்எஸ்டி, சுழலும் தட்டில்லாத சேமிப்புச் சில்லு. விண்டோஸ் அதில் ஓடும், புதுப் பதிவும் முதலில் அதில் விழும். வேகமானது, சத்தமில்லாதது. ஆனால் வருசக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் அலமாரியில் போட்டுவைக்க அதை நம்பக் கூடாது. அதனால் சேர்த்து வைப்பதற்கு அதே பெட்டிக்குள் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும்.

"ரெண்டு இருந்தாப் போதுமா?"

"போதாது. நீங்களே தெரியாம ஒண்ணை அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்து அழியும். ரூமுக்குள்ள தண்ணி வந்தா ரெண்டும் போகும். மூணாவது ஒண்ணு வேற கூரைக்குக் கீழ இருக்கணும்." கையூம் கொஞ்சம் யோசித்தார். "இங்க உங்களுக்கு வேற வீடு ஏதும் இருக்கா? சொந்தக்காரங்க?"

"வீடே அங்கதான் பாய்" என்றான் கதிரேசன்.

கையூம் தலையாட்டினார். "அப்ப மூணாவது அங்க இருக்கட்டும். ஒவ்வொரு தடவை போறப்பவும் புதுசா சேர்ந்ததை எடுத்துட்டுப் போங்க."

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குச் சாயங்காலம் சுதாவை அழைத்தான். இனியா டியூசன் போயிருந்தாள். டிஸ்க் போன விசயத்தை முதல் தடவையாகச் சொன்னான். குரல் உடைந்துவிடக் கூடாது என்று ரொம்ப வேகமாகச் சொல்லி முடித்தான்.

லைன் நின்றுவிட்டதோ என்று அவன் திரையை உற்றுப் பார்த்தான். சுதா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள். "எங்கிட்ட இருக்கு."

"எது?"

"நானும் புடிச்சு வச்சிருக்கேன். போன்லயே திரையை அப்படியே புடிக்கிறது ஒண்ணு இருக்குல்ல. எல்லா நாளும் இல்ல. நெனப்பு வந்தா அமுக்குவேன். போன் ரொம்பிருச்சுன்னா கடைத்தெருவுல குடுத்து மெமரி கார்டுல ஏத்தி வாங்கிக்குவேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"என்னத்தச் சொல்றது? என் போன்ல பெருசாத் தெரியிறது உங்க மூஞ்சிதான். அதைப் புடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்து பாக்குறேன்னா சொல்லுவாங்க?"

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அந்த மாதிரி எதையும் சொன்னதில்லை. "சரி, அனுப்பி வை" என்றான். சொன்ன பிறகு அது போதாது என்று பட்டது. ஆனால் அதற்குள் இனியா டியூசனிலிருந்து வந்துவிட்டாள்.

சின்னராசு லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது மெமரி கார்டுகளைக் கொண்டுவந்தான். அவனும் அறந்தாங்கிப் பக்கம்தான். முறுக்குப் பொட்டலத்துக்குள் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி திறக்காமல் ரப்பர் பேண்ட் சுற்றி அனுப்பியிருந்தாள் சுதா. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதிரேசன் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

முதல் பதிவைத் திறந்ததும் அகலத் திரை முழுக்க அவனே வந்தான். கிராஞ்சி. மேல் கட்டில். முதுகுக்குப் பின்னால் காயப்போட்ட துணி. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தழும்பு, தலை நிறைய முடி. இவ்வளவு இளைத்தா இருந்தோம் என்று நினைத்தான். மேலே வலது மூலையில், கட்டைவிரல் நகம் போல ஒரு சின்னக் கட்டம். அதற்குள் இனியா. அவளைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. மறுபடி சிறிதாக்கினான். பல் விழுந்ததையெல்லாம் அதில் பார்க்க முடியாது. வாய் திறப்பது தெரியும், அவ்வளவுதான்.

அவன் தேடியது அங்கே இல்லை. ஒன்றிரண்டைத் திறந்து மூடினான். எல்லாவற்றிலும் அவன்தான். தூங்கி வழிகிற அவன், சோறு தின்கிற அவன், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரிக்கிற அவன். நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோதுதான் சத்தத்தைக் கவனித்தான்.

அவன் பேசியது எங்கோ தகரத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. ஆனால் வீடு பக்கத்தில் கேட்டது. ஃபேன் சுற்றுவது, அடுப்படியில் குக்கர், வாசலில் போகிற மோட்டார் சைக்கிள். அதற்கெல்லாம் மேலே இனியாவின் குரல், விக்காமல், அறுந்து அறுந்து போகாமல். அவனுடைய பதிவுகளில் அவள் குரல் எப்போதும் கடல் தாண்டி வந்த குரலாகத்தான் இருந்தது. இது அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது போல இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கதிரேசன் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பதிவில் அவன் "வைக்கிறேன்டா தங்கம்" என்று சொன்னான். அழைப்பு முடிந்தது. பதிவு முடியவில்லை. சுதா நிறுத்த மறந்திருக்கிறாள். திரையில் அவள் போனின் முகப்பு மட்டும் அசையாமல் நின்றது. சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா எங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க."

"கதவு தொறக்கவே இல்லையே."

ஏதோ நகர்த்தப்படுகிற சத்தம். இனியா போனைத் திருப்பிப் பார்த்திருப்பாள் போல. "பின்னாலயும் இல்ல" என்றது குழந்தை. காலடி ஓடியது, திரும்பி வந்தது. "அம்மா, கட்டிலுக்கு அடியிலயும் இல்ல. நீ ஏம்மா அழுவுற?"

"அழுவலடி. வெங்காயம் நறுக்குனேன்."

"வெங்காயம் எங்க?"

ஃபேன் மட்டும் வெகுநேரம் சுற்றியது. பிறகு ஒரு நீண்ட மூச்சு, வளையல் சத்தம், பதிவு நின்றது.

பேசி முடித்ததும் திரை கறுப்பாகி, தன் முகமே அதில் மங்கலாகத் தெரியுமே, அதோடு அந்த நாள் முடிந்தது என்றுதான் கதிரேசன் எப்போதும் எண்ணியிருந்தான். அந்தப் பக்கத்தில் அதற்கு மேலும் ஒன்று நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நடந்திருக்கும். அவன் எத்தனை டிஸ்க் வாங்கி வைத்திருந்தாலும் அது அவனுக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த முறை பேசும்போது சொன்னான். "சுதா, ஒண்ணுல நான் வச்ச பிறகும் ஓடியிருக்கு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதை அழிச்சிருங்க."

"மாட்டேன்."

"என்னத்துக்கு அது?"

"பாப்பா என்னைத் தேடியிருக்கா. நீயும்..." அவன் முடிக்கவில்லை. "அதுக்கு ரெண்டு பிரதி போடப் போறேன்."

சுதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பைத்தியம்" என்றாள். அன்றைக்கு இருவரும் வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வைத்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவள் துணி மடித்தாள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையூம் கடைக்குப் போய், முதலில் நினைத்ததைவிடப் பெரிய டிஸ்குகளாகக் கேட்டான். "ரெண்டு பக்கமும் வைக்கணும் பாய். அவ பக்கமும், என் பக்கமும்." கையூம் பழைய பெட்டியைத் திறந்து தூசி தட்டி, எஸ்எஸ்டியைப் பொருத்தி, இரண்டு ஹார்ட் டிஸ்குகளையும் அதிராமல் இருக்க ரப்பர் வைத்துத் திருகினார். முதல் தடவை ஓடவிட்டபோது இரண்டும் மெல்ல உறுமின. "ராத்திரி தூக்கம் கெடுமா?" என்று கையூம் கேட்டார். லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்திலேயே தூங்கியிருப்பதாகச் சொன்னான் கதிரேசன். மூன்றாவது டிஸ்கை நுரைப்பைக்குள் வைத்துக் கையில் கொடுத்தார். "லக்கேஜ்ல போடாதீங்க. கையில வச்சுக்குங்க."

தைப்பூசம் கழிந்து லீவு கிடைத்தது. டிஸ்கைத் தோள்பையில் போட்டு, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டான். அறந்தாங்கியில் இறங்கி வீட்டுக்குள் போனபோது இனியா கதவுக்குப் பின்னால் நின்றாள். திரையில் தெரிந்ததைவிட உயரமாக இருந்தாள். "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒவ்வொரு லீவிலும் முதலில் கொஞ்சம் விலகித்தான் இருப்பாள், அது அவனுக்குப் பழக்கம்தான். ஆனாலும் எந்தத் தடவையும் அதற்கு அவன் தயாராக இருந்ததில்லை. சுதா டிஸ்கை வாங்கிப் பட்டுச்சேலை அடுக்கியிருந்த தட்டில், துணிகளுக்கு நடுவே வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

மறுநாள் மாலை கதிரேசன் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தால் இனியா.

"எங்க இருக்கீங்க?"

"மாடியிலதான்டா. நீ எங்க?"

"கீழ ரூம்ல."

"மேல வாயேன்."

"இல்ல, இப்படியே பேசுறேன்" என்றாள். பிறகு, ஊருக்கு வந்த நேரத்திலிருந்து அவன் கேட்டு அவள் சொல்லாத விசயங்களையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்கூலில் பக்கத்தில் உட்காரும் அனுப்ரியாவோடு சண்டை, கணக்கு டீச்சர் மாறிப் போனது, சைக்கிளில் விழுந்தது, அதை அம்மாவிடம் சொல்லாதது. கதிரேசன் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டான். கீழே ஜன்னல் திறந்திருந்தது. அவள் பேசுவது ஜன்னல் வழியாக முதலில் வந்தது. ஒரு நொடி கழித்து அதே வார்த்தை போனில் வந்தது. அவன் போனின் சத்தத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் முழுக்க அணைத்துவிட்டு, திரையில் அவள் முகத்தைப் பார்த்தபடி ஜன்னலில் வந்த குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.